கடற்காற்றின் தரவுக்கு ஒரு சந்தை

மழைமானி, காற்றுமானி, படகின் ஜிபிஎஸ் என இணையத்தோடு இணைந்த கருவிகள் ஓயாமல் தரவு அனுப்புகின்றன. அந்தத் தரவைக் கருவியின் சொந்தக்காரரே இடைத்தரகர் இன்றி விற்பதற்காக உருவானவை, பதிந்ததை மாற்றமுடியாத புளொக்செயின் பேரேட்டில் இயங்கும் தரவுச் சந்தைகள். ஐயோட்டா என்ற அமைப்பு 2017 நவம்பரில் இவற்றை ஒத்த ஒரு சோதனைச் சந்தையைத் தொடங்கியது.

மன்னார் உப்புக்குளத்துக் கரையில் ஒருவர் காற்றுமானி நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் போக்கை அறியவேண்டியவர்கள் மன்னாரில் உண்டு: தீவின் தென்கரையில் 2020 இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் மட்டும் 30 விசையாழிகள், 103.5 மெகாவாட். காற்றுமானியின் அளவுகள் முழுவதும் புளொக்செயினில் ஏறுவதில்லை; செலவு கட்டாது. அவை மறையாக்கப்பட்டு வேறிடத்தில் இருக்கும். புளொக்செயின் சங்கிலியில் பதிவது அவற்றிலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் குறியீடு, விலை, அனுமதி பெற்றவர் விபரம். பணம் வந்ததும் ஸ்மார்ட் ஒப்பந்தம் என்ற நிரல் வாங்குபவருக்கு அனுமதி வழங்கும். பின்னர் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் ஹாஷ் பொருந்தாது.

கருவியே பிழையாக அளந்தால் இந்தக் காவல் உதவாது. உப்புக்காற்றில் காற்றுமானியின் சுழலச்சு துருவேறி இறுகினால், அடித்து வீசும் சோளகமும் இளங்காற்றாகப் பதியும். அந்தப் பிழை மாற்றமுடியாத பதிவாகவே நிற்கும். கருவியைத் துடைத்து, இன்னொன்றோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஆளுக்குத்தான் முதலில் சம்பளம் வேண்டும். இச்சந்தைகளைப் புகழ்வோர் பெரும்பாலும் விட்டுவிடும் செலவு இது.

இலங்கையில் இதற்கு நெருக்கமான முயற்சி 2019 இல் நடந்தது. காப்புறுதித் தரகு நிறுவனமான ஏயோன், தொண்டு நிறுவனமான ஒக்ஸ்பாம், புளொக்செயின் நிறுவனமான ஈதரிஸ்க் ஆகியன சுமார் 200 நெற்செய்கையாளருக்குப் புளொக்செயின் வழியே வானிலைக் காப்புறுதி வழங்கின. அங்கே தரவு விற்கப்படவில்லை. வானிலைத் தரவே இழப்பீட்டைத் தீர்மானித்தது. வயலுக்கு வந்து சேதம் மதிப்பிடும் நடைமுறை தேவைப்படாத ஏற்பாடு அது.

படகின் தரவு காற்றின் தரவைப் போன்றதல்ல. படகு எங்கே வலை போட்டது என்பது மீனவரின் தொழில் இரகசியம்; பக்கத்து வாடிக்குக்கூடச் சொல்லாத இடம். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் தரவை அழிக்கக் கோரும் உரிமைக்கு இடம் வகுத்துள்ளது. அழிக்கமுடியாத சங்கிலியில் படகின் தடத்தை நேரடியாக எழுதினால் அந்த உரிமை செயலற்றுப்போகும். ஆகவே மூலத் தரவு மீனவரின் கையிலேயே இருக்கவேண்டும்.

கொடுப்பனவிலும் சிக்கல் உண்டு. இச்சந்தைகள் பெரும்பாலும் கிரிப்டோ நாணயத்தில் கணக்குத் தீர்க்கின்றன. அது இலங்கையில் சட்டபூர்வ நாணயம் அல்ல என்று மத்திய வங்கி 2022 இலும் எச்சரித்தது. மன்னாரில் இப்படியொரு சந்தை அமைந்தால், விற்றவருக்கு வங்கிக் கணக்கில் ரூபாயாகவே பணம் சேரவேண்டியிருக்கும்.