சைக்கிள் யாத்திரையும் தருமபுரிச் சீமையின் ஆறுகளும்

துவிசக்கர வண்டி எனப்படும் சைக்கிளில் ஏறி நாடு காண விழையும் மாணவர் முதற்கண் வினவுவது, "எத்தனை கிலோமீட்டர்?" என்பதே. சமநிலத்தில் அவ்வினா போதும். தருமபுரி மாவட்டத்தில் அது போதாது. ஈண்டு வழியின் கடுமையை அறிவிப்பது தூரத்தினும் உயரமே. அதனை எண்ணாது ஆற்றை நாடிப் புறப்பட்டோர், போகும்போது பாடிக்கொண்டு போய், வரும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவர். ஆற்று யாத்திரையை இம்மாவட்டத்தில் எங்ஙனம் வகுத்துக்கொள்ளுதல் தகும் என்பதே யாம் விளக்கப் புகுந்தது.

முதலிற் கடற்கரைப் பட்டினத்தார் நிலைமையை நோக்குவோம். கெடிலமும் தென்பெண்ணையும் கடலோடு கலக்கும் கடலூரில் ஒருவன் வாழ்கிறான் என்று கொள்க. அவன் ஆற்றின் போக்கை எதிர்த்து மேற்கே செல்வானாயின், காலையில் களைப்பில்லாத உடலோடு சிறிது சிறிதாக மேடேறுகின்றான். களைத்துத் திரும்பும்போது நிலம் அவனுக்குச் சாய்ந்து கொடுக்கின்றது. பிற்பகலிற் கடலினின்று எழும் காற்று அவனுக்கு எதிராக வீசுமேனும், அவ்வொன்றைப் பொறுத்துக்கொண்டால் மற்றெல்லாம் அவனுக்கு அநுகூலமே.

தருமபுரியிலோ இம்முறை தலைமாறி நிற்கின்றது. நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 460 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. மேற்கே காவிரியும், கிழக்கே தென்பெண்ணையும் அதனினும் தாழ்ந்து ஓடுகின்றன. 1934 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை முற்றும் நிறையுங்கால் அதன் நீர்மட்டம் கடலுக்கு மேல் 790 அடி, அஃதாவது 241 மீட்டர். அத்தேக்கத்தின் பின்னீர் ஒகேனக்கல்லை அணுகி நிற்பதாகலின், காவிரிக்கரை நம் நகரத்தினும் இருநூறு மீட்டருக்குச் சற்று மேலாகத் தாழ்ந்தது என்று எளிதில் உய்த்துணரலாம். நாம் ஆற்றுக்கு இறங்குகின்றோம், வீட்டுக்கு ஏறுகின்றோம். உடல் தளர்ந்த பின்னரே கடினமான பாகம் வருகின்றது.

ஏற்றம் என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு? வண்டியும் ஆளும் சேர்ந்து 75 கிலோ என்று கொள்வோம். நல்ல தார்ச்சாலையில், சமநிலத்தில் மெல்லச் செல்லும்போது உருளைகளின் தடையை வெல்ல அரைக்கிலோ எடையளவான விசை போதும். இருபதுக்கு ஒன்று என்னும் சரிவில் ஏறும்போது, எடையின் இருபதில் ஒரு பங்கு, அதாவது மூன்றே முக்காற் கிலோ, நம்மைப் பின்னோக்கி இழுக்கின்றது. பழைய தடையும் அதனோடு கூடுதலின், தொழில் எட்டு மடங்குக்கு மேல் ஆகின்றது. வேகத்தை அதற்கேற்பக் குறைப்பதன்றி வேறு உபாயமில்லை. பற்சக்கர மாற்றமுள்ள புதிய வண்டிகள் செய்வதும் அவ்வளவே; அவை தொழிலைக் குறைப்பதில்லை, நீண்ட நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கின்றன.

நிற்க. தருமபுரியினின்று ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். இண்டூர் வழியாகப் பென்னாகரம் வரை 30 கிலோமீட்டர் மேட்டுநிலத்திலேயே செல்லுதலின், அங்கே பெரிய இடர்ப்பாடு இல்லை. சாலையோரத்துப் புளியமரங்களின் நிழல் வாய்க்கும் இடங்களில் இது இனிய வழியே. பென்னாகரத்தைக் கடந்த பின்னரே காடு தொடங்கி, வளைந்து வளைந்து இறக்கம் வருகின்றது.

இறக்கத்தில் இளைஞர்க்கு உண்டாகும் மகிழ்ச்சியை யாம் குறை கூறோம். ஆயினும் ஒன்று அறியத்தக்கது. 75 கிலோ எடை 200 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கப் போதியது. விரைந்து செல்வோனிடமிருந்து இதிற் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்கின்றது. அஞ்சி அஞ்சிப் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவோனிடத்தில் ஏறக்குறைய முழுதும் சக்கர வளையத்தில் வெப்பமாகச் சேர்கின்றது. வளையம் சுட்டால் உள்ளிருக்கும் டியூபிற் காற்று விரிந்து வெடித்தலும் உண்டு. ஆதலின் வளைவுக்கு முன்னர் இரண்டு பிரேக்குகளையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் விட்டு, வளையம் ஆறவிட்டு, மறுபடி பிடித்தல் வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இறங்கி நின்று ஐந்து நிமிடம் காட்டைப் பார்த்தல் வண்டிக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

தொப்பூர்க் கணவாயில் லாரிகள் தடைகெட்டுப் பல்கால் விபத்துக்கள் நேர்வதற்கும் இவ்வெப்பம் பெருங்காரணம். முப்பது டன் லாரி நம் வண்டியினும் நானூறு மடங்கு கனமுடையது. அதன் பிரேக்குகள் வாங்கவேண்டிய வெப்பமும் அத்தனை மடங்கு. தெற்கே தொப்பையாற்றுப் பள்ளத்தாக்கு அழகியதே. எனினும் பெங்களூர்-சேலம் நெடுஞ்சாலையில் அக்கணவாயைச் சைக்கிளில் இறங்குதலை யாம் ஒருவர்க்கும் உடன்படோம்.

ஒகேனக்கல் வழியில் மற்றோர் அச்சம் யானை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகளை உட்கொண்டு 2014 ஆம் ஆண்டிற் காவிரி வடக்கு வனவிலங்குப் புகலிடம் அறிவிக்கப்பட்டது. இக்காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. விடியலிலும் அந்தியிலும் நீர் நாடிச் சாலையைக் கடக்கும். மோட்டார் வண்டியை அவை தொலைவிலேயே கேட்டறியும். சைக்கிளோ ஓசையின்றி வந்து வளைவில் திடீரெனத் தோன்றுவது. யானையும் மனிதனும் ஒருங்கே திடுக்கிடுவர். இதனாற் கால அட்டவணை இருபுறமும் நெருக்குண்கின்றது. வெயிலுக்கு அஞ்சி அந்தியில் ஏறலாகாது; யானைக்கு அஞ்சி நண்பகலில் ஏறினாற் சித்திரை வெயில் கொல்லும். காலை ஆறு மணிக்குத் தருமபுரியினின்று புறப்பட்டுப் பென்னாகரத்திற் சிற்றுண்டி அருந்தி, ஒன்பது அல்லது பத்து மணிக்கு அருவியை அடைந்து, இரவு அங்கேயே தங்கி, மறுநாட் காலை வெளிச்சம் நன்கு பரவிய பின் ஏறுதலே சிறந்தது. ஒரே நாளிற் சென்று மீண்டோம் என்னும் பெருமைக்காக இவ்வேற்றத்தைப் பிற்பகலில் வைத்துக்கொள்வோர் காட்டினையும் காணார், ஆற்றினையும் காணார்.

கன்னட மொழியில் 'ஹொகே' என்பது புகை. 'கல்' என்பது பாறை. நீர்த்திவலை புகையெனப் பாறைமேல் எழுதலின் இப்பெயர். சின்னாறு காவிரியோடு கூடுவதும் இவ்விடத்திலேயே. கருநாடகத்து அணைகள் நிறைந்து நீர் திறக்கப்படும் மாதங்களில் பரிசலும் நீராட்டும் தடை செய்யப்படும். புறப்படுமுன் கேட்டறிந்து செல்க.

குடிநீரைப் பற்றியும் சொல்லவேண்டும். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரிற் பல இடங்களில் புளோரைடு உப்பு மிகுதி. ஒருநாள் பருகும் யாத்திரிகனுக்கு அதனால் தீங்கில்லை. ஆண்டுக்கணக்கிற் பருகிய ஊர் மக்களுக்கோ பல்லிற் கறையும் எலும்பில் நோயும் விளைந்தன. இதனைப் போக்கும் பொருட்டே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2013 ஆம் ஆண்டிற் பயன்பாட்டுக்கு வந்தது. நாம் மூச்சுவாங்க ஏறும் அதே மேட்டைக் காவிரி நீரும் இயந்திரத்தின் வலியால் ஏறி ஊர்களுக்குச் செல்கின்றது. வழியிற் குழாயடியில் ஒரு குடம் நீருக்காக நிற்கும் தாய்மாரைக் காணும் மாணவர், அந்நீர் ஏறிய உயரத்தைத் தம் கால்களால் அறிந்திருப்பர்.

இனித் தென்பெண்ணை. கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கிருஷ்ணகிரி அணையைக் கடந்து வரும் இவ்வாறு மாவட்டத்தின் கிழக்கெல்லையை ஒட்டி ஓடுகின்றது. தருமபுரியினின்று மொரப்பூர் வழியாக அரூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இங்கும் நிலம் தாழ்கின்றது. ஆயினும் அத்தாழ்வு நெடுந்தூரத்திற் பரந்து கிடத்தலின் திரும்பும் ஏற்றம் காலுக்குத் தெரிவது சிறிது. 1906 முதல் 1941 வரை மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே ஒரு குறும்பாதை ரயில் ஓடிற்று. ரயில் ஏறத்தக்க சரிவு சைக்கிளுக்கு ஒரு பொருட்டன்று. அரூரினின்று 16 கிலோமீட்டரில் தீர்த்தமலை. இராமபிரான் பூசைக்கென அனுமன் கொணர்ந்த கங்கைநீர் காலந்தாழ்த்து வந்தமையின் பெண்ணையில் வீசப்பட்டது என்றும், அவ்விடமே அனுமந்தீர்த்தம் என்றும் தலக்கதை கூறும். அவ்வூர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆற்றங்கரையில் உள்ளது. இரண்டையும் காண இரண்டு நாள் வேண்டும்.

எந்த ஆற்றுக்கு எப்பருவம் என்பதையும் காற்றே வகுத்துத் தந்துள்ளது. ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்று வலிது. அப்போது மேற்கே காவிரிக்குச் செல்வோர்க்குப் போகையில் எதிர்த்து, ஏறித் திரும்புகையில் முதுகைத் தள்ளும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடை கிழக்குச் சார்ந்து வீசுதலின், அரூர் சென்று மீள்வோர்க்கு அதே உதவி கிடைக்கின்றது. பங்குனியிலும் சித்திரையிலும் இரண்டு வழியையும் விட்டொழிதல் நலம்.

முதன்முறை புறப்படும் மாணவர் ஆறு வரை செல்லவேண்டுவதில்லை. தருமபுரியினின்று பாப்பாரப்பட்டிக்குச் சென்று, அங்கிருந்து பென்னாகரம் அடைந்து, இண்டூர் வழியே மீளலாம். வட்டம் முழுதும் மேட்டுநிலமே. 1925 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் சுப்பிரமணிய சிவா உயிர்நீத்த ஊர் பாப்பாரப்பட்டி. அவர் நினைவிடத்தில் அரைமணி நேரம் தங்கினாலும், காலையிற் புறப்பட்டவர் வெயில் ஏறுமுன் பென்னாகரத்தை எட்டிவிடலாம்.