வரையாடும் ஊராரும்

நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களிலும் பிறந்து, இன்று மும்பையிலும் தில்லியிலும் பணிபுரியும் தமிழர் பலர். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது இரண்டு பேச்சுகள் நம் காதில் விழுகின்றன. காட்டைக் காக்க வேண்டும் என்பது ஒன்று. காட்டுப்பன்றி மரச்சீனித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருளாகும்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை விழுந்தது. ஆனால், மேலே அகத்தியமலைக் காடு ஒன்றே. அங்கே பிறக்கும் நெய்யாறு நம் வயல்களை நனைத்துப் பூவாறில் கடலோடு கலக்கின்றது. 1958இல் 128 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. யானையும் காட்டெருதும் வாழும் அக்காடு அழிந்தால், ஆறும் வற்றும் என்பதை உழவர் அறிவர்.

பழைய அரசாங்க ஏடுகளில் இவ்விலங்குகள் 'வேட்டை விலங்குகள்' எனப்பட்டன. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் அச்சொல்லைக் கண்டு பலமுறை எண்ணியதுண்டு. சுடுவதற்காகக் காத்தவர்களே பின்னர் வாழ்விப்பதற்காகக் காத்த வரலாறு அச்சொல்லுக்குப் பின்னே இருக்கின்றது. மூணாற்றை அடுத்த இரவிகுளம் அதற்குத் தக்க சான்றாகும். அங்கே தேயிலைத் தோட்டத் துரைமார் வேட்டைக்காக ஒரு சங்கம் அமைத்தனர். முதுவர் குடியினரைக் காவலர்களாக அமர்த்திப் புல்வெளிகளைப் பேணினர். கோடைக்கு முன்னரே சிறு சிறு பகுதிகளாகப் புல்லை எரித்தால் பெருந்தீ பரவாது. புதிய தளிர் வரையாட்டுக்கு உணவாகும். இவ்வறிவு முதுவருடையது. 1971இல் கம்பெனியின் நிலங்களை அரசு சட்டத்தின் வழியே மீட்டது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆன இரவிகுளத்தின் பரப்பு 97 சதுரக் கிலோமீட்டர். சங்கமும் பெயரிலிருந்த 'வேட்டை'யை நீக்கி வனத்துறையோடு ஒத்துழைத்தது. 2025இல் இரு மாநிலங்களும் ஒரே காலத்தில் கணக்கெடுத்தபோது கேரளத்தில் 1,365 வரையாடுகளும் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகளும் காணப்பட்டன. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய அதற்கு, மலையாளத்திலும் வரையாடு என்றே பெயர்.

தோட்ட முதலாளிக்கு இயன்றது ஏழை உழவனுக்கு இயலுமா என்று நேயர்கள் வினவலாம். மலையின் கிழக்குச் சரிவில் விடை கிடைக்கின்றது. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்து ஊர்களில் பலர் விறகு சுமந்தும், மாடுகளைக் காட்டில் மேய்த்தும் பிழைத்தனர். அவர்களைத் துரத்துவதால் பயனில்லை எனக் கண்ட வனத்துறை, 1990களில் ஊர்தோறும் கிராம வனக்குழுக்களை அமைத்தது. குழுவின் பொதுநிதியிலிருந்து கறவை மாட்டுக்கும் சிறுதொழிலுக்கும் கடன் கிடைத்தது; திருப்பிச் செலுத்திய பணம் அடுத்த வீட்டாருக்குக் கடனாயிற்று. மாடு கொட்டிலில் நின்றது. காட்டில் புல் தழைத்தது. ஆப்பிரிக்காவின் நமீபியாவும் 1996இல் சட்டம் இயற்றி, வனவிலங்குகளால் வரும் வருவாயில் ஊர்ச்சமுதாயங்களுக்கு உரிமை தந்தது.

இவற்றிலிருந்து ஒன்று விளங்குகின்றது. விலங்கினால் வரும் இழப்பு உழவனுக்கும், வரும் பெருமை பிறருக்கும் என்றிருக்கும் வரை காடு பிழைக்காது. இழப்பீடு காலத்தில் வரவேண்டும்; முடிவெடுக்கும் அவையில் ஊராருக்கு இடம் வேண்டும். கேரள அரசு 2022இல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் பொறுப்பை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்ததும் அத்திசையில் ஓர் அடியே. எனினும், துப்பாக்கி மட்டும் தீர்வாகாது.

வெளியூரில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. ஊரில் நிலத்தைப் போட்டுவிட்டு வந்தோர் நம்மில் பலர். உழாத நிலத்தில் புதர் மண்டுகின்றது. பகலில் அப்புதரில் பதுங்கும் பன்றி, இரவில் அயலாரின் தோட்டத்தில் இறங்குகின்றது. நாம் கைவிட்ட நிலத்தின் விலையை அங்கேயே தங்கிவிட்ட அண்டை வீட்டார் செலுத்துகின்றனர். அந்நிலத்தை உழுவோர் ஒருவரிடம் ஒப்படைப்பது, அல்லது ஆண்டுக்கொரு முறையேனும் புதரை வெட்டச் செய்வது பெருஞ்செலவன்று. அடுத்த முறை ஊருக்குக் கடிதம் எழுதும்போதோ தொலைபேசியில் பேசும்போதோ, நம் நிலத்தைப் பற்றியும் ஒரு சொல் கேட்போமாக.