தொட்டிக்கு எந்த மண்?

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



சிவில் படிக்கிறவன் மணலைப் பற்றி எழுதினால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. ஆனால் இது கான்கிரீட்டுக்குப் போடுகிற மணல் இல்லை. கடல் மீனும் பவளமும் வளர்க்கிற கண்ணாடித் தொட்டிக்குள் போடுகிற மணல். சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் வேலை பார்க்கிறேன். அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என் ஃபீஸில் பாதியைக் கட்டியது இந்த மீன்கள் என்றால் பொய்யில்லை.

போன வருஷம் ஒரு டாக்டர் வீட்டில் மரைன் டேங்க் வைத்தோம். புது மண்ணைப் பரப்பிவிட்டு, கடையின் பழைய தொட்டியிலிருந்து இரண்டு கப் மண் எடுத்து மேலே தூவச் சொன்னார் முதலாளி. பழைய மண்ணைப் பார்த்தேன். ஒரே அழுக்கு, நடுநடுவே புழு வேறு நெளிகிறது. டாக்டர் வீட்டுக்கு இதையா கொண்டுபோவது? ஒரு பக்கெட் மண்ணை எடுத்து, குழாய்த் தண்ணீரில் நாலு தடவை அலசி, பளபளவென்று கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் பாப்பாவுக்குப் பிறந்த நாள் என்று இரண்டு ‘நிமோ’ மீனையும் விட்டாகிவிட்டது. மூன்றாம் நாள் இரண்டும் செத்து மிதந்தன. தண்ணீரில் நாற்றம். அம்மோனியா டெஸ்ட்டில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. மீனின் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பரீட்சை ஃபீஸுக்கு அப்பா மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கினார். என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

நான் அழுக்கு என்று அலசியதுதான் அந்த மண்ணின் உயிர். அதனால்தான் அதற்கு ‘லைவ் சாண்ட்’ என்று பெயர். மீனின் கழிவிலிருந்தும் மிச்சமான தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது விஷம். மண் துகள் ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருக்கிற பாக்டீரியாக்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். புழுவும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடுகிற பூச்சிகளும் மிச்சம் மீதியைத் தின்று மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். இவையெல்லாம் உப்புத் தண்ணீரில் வாழ்கிறவை. நல்ல தண்ணீர் பட்டாலே துடித்துப் போகும், குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு. ஆக நான் ஒரு பக்கெட் பிணத்தைக் கொண்டுபோய் டாக்டர் வீட்டுத் தொட்டியில் கொட்டியிருக்கிறேன். அது அழுகி அம்மோனியா ஆனது. மாற்றுவதற்குத்தான் ஆள் இல்லையே!

சரி, எந்த மண்ணை வாங்குவது?

கடை மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். வழக்கம்போல உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். வண்டல் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு லேப் வேண்டாம். “இது மணலே இல்லடா, சுண்ணாம்புடா” என்றார். நூற்றுக்கு நூறு! கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலத்து ஆட்களோடு வேலை பார்த்தவர் அவர். ரீஃப் தொட்டிக்குப் போடுகிற மண் அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட். பவளத்தின் எலும்புக்கூடும் அதேதான். கிளிமீன் பவளப்பாறையைக் கடித்துத் தின்று, பின்னால் மணலாகக் கழிக்கிறது. பல தீவுகளின் வெள்ளைக் கடற்கரை இப்படி வந்ததுதான். (அழகான பீச் என்று போட்டோ எடுக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!) வீட்டில் சோதிக்க வழி சுலபம். கொஞ்சம் மண்ணில் வினிகரை ஊற்றுங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு. ஆற்று மணல் நுரைக்காது, அது குவார்ட்ஸ்.

இந்த மண்ணே கரைந்து பவளத்துக்குக் கால்சியம் கொடுத்துவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். நல்ல ரீஃப் தொட்டியில் பி.எச். 8.1-லிருந்து 8.3 வரை இருக்கும். அந்தத் தண்ணீரில் அரகோனைட் கரையாது. கால்சியத்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

“மெரினாவில் கொட்டிக் கிடக்கிறதே, அள்ளிக்கொண்டு வந்தால் என்ன தம்பி?” என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். மெரினா மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். நகரத்துச் சாக்கடை கலக்கிற கடல் வேறு. காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கிற காந்தத்தில் அது ஒட்டினால் கண்ணாடி பூராவும் கீறல்தான். அப்படியானால் ராமேஸ்வரம் பக்கம்? அங்கே மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே உள்ள 21 தீவுகள் 1986-லேயே கடல் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அங்கே பாறை பாறையாகப் பவளத்தை வெட்டினார்கள். அந்தத் தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நம் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்காக மூன்றாவதற்குக் குழி தோண்ட வேண்டாம்.

அடுத்து, துகளின் அளவு. இங்கேதான் நம் படிப்பு உதவியது. கடையில் இருந்த மூன்று வகை மண்ணையும் லேப்புக்குக் கொண்டுவந்து சல்லடையில் போட்டேன். (லேப் அண்ணன் முதலில் திட்டினார், அப்புறம் அவரே ஆட்டிக் கொடுத்தார்.) 600 மைக்ரான் சல்லடையில் சர்க்கரை மாதிரி விழுகிற மண் பார்க்க அழகு. ஆனால் அலை பம்ப்பை ஓட்டினால் புயல் கிளம்பி, ஒரு மூலையில் மலை, இன்னொரு மூலையில் வெறும் கண்ணாடி. பவளத்தின் மேலும் தூசி படியும். 2.36 மி.மீ. சல்லடையிலேயே தங்குகிற பெரிய மண்ணில், இடுக்குகளில் தீனி இறங்கி அழுகும். நடுவில் 1-லிருந்து 2 மி.மீ. வரை உள்ளதுதான் பெரும்பாலான வீடுகளுக்குச் சரி. மண்ணில் புதைந்து தூங்குகிற மீன் வளர்ப்பவர் மட்டும் பொடி மண் வாங்கி, பம்ப்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

ஆழம் 3-லிருந்து 5 சென்டிமீட்டர் போதும் என்பது என் கட்சி. 10 சென்டிமீட்டருக்கு மேல் போடுகிறவர்களும் உண்டு. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியே அனுப்பும். உண்மைதான். ஆனால் ஆழ மண்ணைத் தெரியாமல் கிளறினால் அழுகின முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத் தொட்டிக்கு 4 செ.மீ. ஆழம் என்றால் 16.2 லிட்டர் மண். லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ என்று போட்டால் 24 கிலோ. எஸ்டிமேட் போடத் தெரிந்த நமக்கு இதெல்லாம் ஜுஜுபி.

ஈரமாகப் பையில் அடைத்து ‘லைவ்’ என்று அச்சடித்து வருகிறதே, அதில் பாக்டீரியா இருக்கும். புழு, பூச்சி இருக்காது. தேதியைப் பாருங்கள். சென்னை வெயிலில் கடை வாசலில் கிடந்த பை என்றால் தொடாதீர்கள். அதை அலசவே கூடாது. உலர்ந்த மண்ணைத்தான் தூசி போகும்வரை அலச வேண்டும். காசு குறைவு என்றால் முழுக்க உலர்ந்த மண்ணே வாங்கலாம். நோய் இல்லாத பழைய தொட்டியிலிருந்து இரண்டு கப் மண்ணைக் கடல் தண்ணீரோடு அப்படியே எடுத்து மேலே தூவினால், சில வாரங்களில் எல்லாம் உயிர் மணல்தான். ஒரு பக்கெட் வேண்டாம். பழைய மண்ணை மொத்தமாகப் பெயர்த்தால் அடியில் உறங்குகிற கழிவும் கூடவே வரும்.

டாக்டர் சார் நல்ல மனுஷர். இரண்டாவது தடவையும் என்னையே அனுப்பச் சொன்னார். உலர்ந்த மண் 24 கிலோ, அலசாத பழைய மண் இரண்டு கப். மீன் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை சைக்கிளில் போய் டெஸ்ட் பண்ணினேன். “நிமோ எப்போ அண்ணா வரும்?” என்று பாப்பா தினமும் கேட்டாளாம். அம்மோனியா ஏறி இறங்கியது, பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கியது. ஐந்தாவது வாரம் இரண்டும் பூஜ்யம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் விட்டோம். இப்போது மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். கண்ணாடி ஓரமாக மண்ணுக்குள் புழு ஓடிய தடம் நாலைந்து தெரிகிறது. பாப்பாவுக்கு அதைக் காட்டிக் கொடுத்தேன். மீனை விட்டுவிட்டு இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.