செவ்வாயின் வானம் நீலமா?

செவ்வாய் கிரகத்தின் வானம் என்ன நிறம்? 1976-ஆம் ஆண்டு இந்தக் கேள்விக்கு அடுத்தடுத்து இரண்டு விடைகள் கிடைத்தன, குட்டீஸ்!

அமெரிக்காவின் வைக்கிங்-1 விண்கலம் அந்த ஆண்டு ஜூலை 20-ந்தேதி செவ்வாயில் இறங்கியது. மறுநாள் அங்கே முதல் வண்ணப்படத்தை எடுத்தது. தரை சிவப்பு. மேலே பார்த்தால் நம் ஊர் வானம் மாதிரியே நீலம்! ஆனால், விஞ்ஞானிகள் மறுபடி சரிபார்த்துவிட்டு, 'வானம் நீலம் இல்லை. மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம்' என்று திருத்திச் சொன்னார்கள். கூடியிருந்த நிருபர்கள் விளையாட்டாகக் கூச்சல் போட்டார்களாம். பாவம், நீல வானம் பறிபோனால் வருத்தமாகத்தானே இருக்கும்!

அப்படியானால் கேமரா பொய் சொன்னதா? இல்லை. அதற்கு நிறமே தெரியாது! சிவப்பு ஒளி எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று வெறும் எண்களைத்தான் அது அனுப்பியது. அவற்றைக் கலந்து வண்ணப்படம் ஆக்குவது கம்ப்யூட்டரின் வேலை. கலக்கும்போது நீலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் போச்சு, சாம்பாரில் உப்பு கூடிய கதைதான்.

சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் யாரும் இல்லையே! அதற்காகவே வண்ணக் கட்டங்கள் கொண்ட சிறிய அட்டைகளை விண்கலத்தின் மீதே பொருத்தி அனுப்பியிருந்தார்கள். அந்த நிறங்கள் பூமியிலேயே அளந்து வைத்தவை. படத்தில் அட்டை எப்படித் தெரிகிறது என்று பார்த்தால், எந்த நிறம் கூடுதல், எது குறைவு என்று பிடித்துவிடலாம். 2004-ல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளில் இந்த வேலையைச் செய்தது ஒரு குட்டி சூரியக் கடிகாரம்! அதன் நான்கு மூலைகளிலும் வண்ணங்கள் இருந்தன.

செவ்வாயின் காற்றில் துருப்பிடித்த இரும்பு கலந்த தூசி எப்போதும் மிதக்கிறது. வானத்துக்கு அந்த நிறம் வரக் காரணம் அதுதான். வேடிக்கை என்னவென்றால், அங்கே சூரியன் மறையும்போது அதைச் சுற்றி நீலமாகத் தெரியும்!

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் படம் என்பது இதே மூன்று எண்கள்தான். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 0 முதல் 255 வரை இருக்கும். ஆனால், ஒரு திரையின் 255 சிவப்பு, இன்னொரு திரையில் வேறு மாதிரி தெரியலாம். அதனால்தான், 'இந்த எண்ணுக்கு இந்தச் சிவப்பு' என்று சொல்லும் ஒரு குறிப்பைப் படத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். இதற்குப் பெயர் கலர் புரொஃபைல். மைக்ரோசாஃப்ட், எச்.பி. நிறுவனங்கள் 1996-ல் சேர்ந்து உருவாக்கிய 'எஸ்.ஆர்.ஜி.பி.' முறைதான் இவற்றில் மிகவும் பிரபலம்.

நீங்களும் விஞ்ஞானி ஆகலாம். இரவில் மஞ்சள் விளக்கின் கீழே ஒரு பொம்மையையும், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்துப் படம் எடுங்கள். படத்தைத் திருத்தும் மென்பொருளில் 'டெம்பரேச்சர்' என்று ஒன்று இருக்கும். (காய்ச்சல் பார்க்க அல்ல!) தாள் வெள்ளையாகும் வரை அதை மெதுவாக நகர்த்துங்கள். அப்போது பொம்மையின் நிறத்தைக் கவனியுங்கள்!