வெட்டியது கழுத்தில், வலிப்பது முதுகில்

கழுத்து எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம். விரல் நுனி வரை மின்சாரம்போல ஓடிய குடைச்சல் நின்றுவிட்டது. விழுங்கும்போது இருந்த தொண்டை உறுத்தலும் குறைந்துவருகிறது. அப்பாடா என்று மூச்சுவிடும்போதுதான், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, இதுவரை வலித்தே இராத இடத்தில் ஆணி இறக்கியதுபோல ஒரு வலி கிளம்புகிறது. தழும்பு இருப்பதோ முன்கழுத்தில். புதிதாக எதுவோ கெட்டுவிட்டது என்று பயப்படாதவர் யார்?

இந்தப் பயத்துக்குப் பெரும்பகுதி பதில் 1959இலேயே கிடைத்துவிட்டது. ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் இருந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ரால்ஃப் கிளோவர்ட், 1941 பேர்ல் துறைமுகத் தாக்குதலில் தலையில் அடிபட்டவர்களைக் காப்பாற்றப் போராடியவர். முன்கழுத்து வழியாகச் சென்று, எலும்புகளுக்கு நடுவே கெட்டுப்போன ஜவ்வை எடுத்துவிட்டு எலும்புத் துண்டை வைத்து இணைக்கும் முறையை 1958இல் வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். நோயாளி விழித்திருக்கும்போதே கழுத்து ஜவ்வை ஊசி முனையால் சீண்டி, எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டார். பலரும் காட்டியது தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தை! சீண்டும் ஜவ்வு ஒவ்வொரு படியாகக் கீழே போகப்போக, வலியும் அந்த ஓரமாகவே கீழே இறங்கியது. கழுத்தின் வலியை மூளை முதுகில் உணர்கிறது.

அறுவையும் இந்த ஜவ்வு இருக்கும் இடத்தை நேராகவே தொடுகிறது. ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ஜவ்வின் இடத்தில் சிறு கூண்டு ஒன்றை வைத்து, இடைவெளியைச் சில மில்லிமீட்டர் உயர்த்துகிறார்கள். முன்பக்கம் உயரும்போது, பின்னால் இருக்கும் சிறு மூட்டுகளும் சுருங்கியே பழகிய தசைகளும் இழுபடுகின்றன. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தணியும் வலி இது.

இதோடு, அறுவைக்குப் பின் மாட்டும் கழுத்துக் காலரும் சேர்ந்துகொள்கிறது. கழுத்தைக் குனிய முடியாதவர் தட்டில் இருக்கும் சோற்றைப் பார்க்க இடுப்பிலிருந்து சாய்கிறார். படி இறங்கும்போது உடம்பையே முன்னே தள்ளுகிறார். இரவில் நாற்காலியில் அரைகுறையாகச் சாய்ந்து தூங்குகிறார். மண்டையோட்டின் அடியில் தொடங்கும் சரிவகத் தசை நெஞ்சுப்பகுதியின் 12ஆவது முதுகெலும்பு வரை நீள்கிறது. மேலே கட்டிப்போட்டால் கீழே வலிக்காமல் என்ன செய்யும்? இணைப்புக்கான எலும்பை இடுப்பிலிருந்து எடுத்திருந்தால் அந்த இடமும் சில காலம் வலிக்கும்.

கீழ்முதுகு வலிக்கு வேறொரு காரணமும் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. சிலருக்குத் தண்டுவடக் கால்வாய் கழுத்திலும் இடுப்பிலும் ஒருசேரக் குறுகியிருக்கும். கழுத்துப் பிரச்சினையால் அதிகம் நடக்காமல் இருந்தவர், அறுவைக்குப் பின் தெம்பாக நடக்கத் தொடங்கியதும் இடுப்பும் காலும் வலிக்கின்றன, உட்கார்ந்தால் குறைகிறது. இத்தனை நாள் மறைந்திருந்தது இப்போதுதான் வெளியே தெரிகிறது.

வலிக்கிறது என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்காதீர்கள். எலும்பு ஒட்டிச் சேர மாதக்கணக்கில், சிலருக்கு ஓர் ஆண்டுவரைகூட ஆகும். இந்த வகை மாத்திரை அதைத் தாமதப்படுத்தலாம் என்பதால், ஆரம்ப மாதங்களில் வேண்டாம் என்கிறார்கள் பல மருத்துவர்கள். புகைப்பது அதைவிடக் கெடுதல்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, கால் துவண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் வலியும் அப்படியே. மேல்முதுகு வலியோடு மூச்சு வாங்கினால் நொடிகூடத் தாமதிக்க வேண்டாம். அது இதயமாகவோ நுரையீரலில் ரத்தக்கட்டாகவோ இருக்கலாம்.

மற்ற வலிகளுக்கு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது “முதுகு வலிக்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு விரலை வைத்து இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். கை எட்டாவிட்டால் வீட்டில் ஒருவரை விட்டுப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் அந்தப் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்தே, கழுத்தில் எந்த ஜவ்வு பேசுகிறது என்று மருத்துவரால் ஓரளவு ஊகிக்க முடியும்.