வை-பை நெரிசலில் வீடியோ அழைப்புக்கு வழிவிடச் செய்வது எப்படி?

வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்து, அதில் ஒருவர் மட்டுமே இணையம் பார்த்த வரையில் முன்னுரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்போது இரண்டு லேப்டாப், நான்கு போன், ஒரு டிவி என எல்லாமே ஒரே ரவுட்டரை நம்பி இருக்கின்றன. வேகமான இணைப்பைத்தான் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் வீடியோ அழைப்பில் பேசும்போது குரல் உடைகிறது. முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் சந்தேகமே இதுதான். "இன்னும் பெரிய திட்டத்திற்கு மாறிவிடலாமா?" என்பது அடுத்த கேள்வி. பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால், உங்கள் ரவுட்டரிலேயே இருக்கும் இரண்டு வசதிகளைப் பார்த்துவிடுங்கள். ஒன்றின் பெயர் டபிள்யூ.எம்.எம். மற்றொன்று க்யூ.ஓ.எஸ். இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டும் வெவ்வேறு இடத்து நெரிசலைக் கவனிக்கின்றன.

நெரிசல் எங்கே ஏற்படுகிறது?

நாம் அனுப்பும் எதுவும் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பாக்கெட்டுகளாக உடைக்கப்பட்டுச் செல்கிறது. இந்தப் பாக்கெட்டுகள் காத்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதல் இடம், உங்கள் லேப்டாப்பிற்கும் ரவுட்டரில் உள்ள அக்சஸ் பாயிண்டிற்கும் இடைப்பட்ட காற்றுவெளி. இரண்டாவது இடம், ரவுட்டரிலிருந்து வெளியே இணையத்திற்குச் செல்லும் லைன். டபிள்யூ.எம்.எம். முதல் இடத்திற்கு, க்யூ.ஓ.எஸ். இரண்டாம் இடத்திற்கு.

உங்கள் வீட்டில் தொல்லை எந்த இடத்தில் என்பதைக் கண்டறிய எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவைத் திறந்து கொள்ளவும். அதில் ஆங்கில எழுத்துகளில் 'பிங்' என டைப் செய்து, ஓர் இடம் விட்டு 8.8.8.8 எனத் தந்து, மீண்டும் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி 'டி' என்ற எழுத்தும் அமைத்து என்டர் தட்டவும். வரிசையாக வரிகள் ஓடும். ஒவ்வொன்றிலும் 'டைம்' என்பதற்கு அருகே மில்லி செகண்டில் ஓர் எண் இருக்கும். ஒரு பாக்கெட் போய்த் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரம் அது. இதே போல் இன்னொரு விண்டோ திறந்து, 8.8.8.8 என்பதற்குப் பதிலாக உங்கள் ரவுட்டரின் முகவரியைத் தரவும். (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் பார்க்கலாம்.)

இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது, வேறொரு போனிலிருந்து பெரிய வீடியோ பைல் ஒன்றை இணையத்தில் அப்லோட் செய்யத் தொடங்குங்கள். ரவுட்டருக்கான எண் சிறியதாகவே இருந்து, 8.8.8.8-க்கான எண் மட்டும் 20-லிருந்து 500, 600 எனத் தாவினால் நெரிசல் லைனில். ரவுட்டருக்கான எண்ணே தாறுமாறாக ஏறி இறங்கினால் நெரிசல் காற்றில். சோதனை முடிந்தபின் கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். இந்த எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளவும். செட்டிங்ஸ் மாற்றிய பின் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காற்றில் யார் முதலில் பேசுவது?

ஒரு வை-பை சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும். பேச விரும்பும் சாதனம், சேனல் அமைதியாகும் வரை பொறுத்திருந்து, பின் ஒரு சிறு இடைவெளி விட்டு, அதன்பின் தானாகவே ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்து, அந்த எண்ணிக்கை முடிந்ததும் பேசத் தொடங்கும். 2005-ல் ஏற்கப்பட்ட 802.11இ என்ற தரம் இந்தக் காத்திருப்பைத்தான் நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. அதன் முக்கியப் பகுதியை வை-பை அலையன்ஸ் 2004-லேயே டபிள்யூ.எம்.எம். என்ற பெயரில் கொண்டு வந்துவிட்டது. குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்பவை அந்த நான்கு வகுப்புகள்.

லேப்டாப், போன் போன்றவற்றுக்கு வழக்கமாக உள்ள அளவுகளைப் பாருங்கள். குரல் வகுப்புப் பாக்கெட் 2 கட்டம் காத்திருந்து, பின் 0 முதல் 3 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறது. பின்னணி வகுப்புப் பாக்கெட் 7 கட்டம் காத்திருந்து, 0 முதல் 15 வரை எடுக்கிறது. ஒரு கட்டம் என்பது 9 மைக்ரோ செகண்ட். கேட்கச் சிறியதாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் குரல்தான் முந்தும் வாய்ப்பு அதிகம். கவனிக்கவும், வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை.

இதனை எங்கு பார்ப்பது? பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை டைப் செய்து என்டர் தட்டினால் லாக்-இன் பக்கம் கிடைக்கும். யூசர் நேம், பாஸ்வேர்ட் ஸ்டிக்கரிலேயே இருக்கும். (அதை இன்னும் மாற்றாமல் வைத்திருந்தால் முதலில் மாற்றுங்கள்.) உள்ளே சென்றதும், இப்போதுள்ள செட்டிங்ஸை பேக்-அப் எடுக்கும் வசதி இருந்தால் எடுத்துக்கொள்ளவும். பின்னர் வயர்லெஸ் பிரிவில் அட்வான்ஸ்டு என்ற இடத்திற்குச் செல்லவும். டபிள்யூ.எம்.எம். என்பதற்கு எதிரே டிக் இருக்கிறதா எனப் பார்க்கவும். பெரும்பாலும் இருக்கும். சில ரவுட்டர்களில் அதை எடுக்கவே முடியாது.

"டபிள்யூ.எம்.எம்.-ஐ நீக்கினால் வேகம் கூடும்" என்று ஒரு வைத்தியம் பல ஆண்டுகளாக உலவுகிறது. நம்ப வேண்டாம். 802.11என் தரத்தின் உயர் வேகங்களுக்கு டபிள்யூ.எம்.எம். கட்டாயம். அதை நீக்கினால் வேகம் பழைய 54 எம்.பி.பி.எஸ்-க்கு இறங்கிவிடும்.

அலுவலகங்களுக்கான அக்சஸ் பாயிண்ட் சிலவற்றில், நான் மேலே சொன்ன 2, 7, 15 எண்களையே மாற்றும் அட்டவணை ஒன்று கிடைக்கும். கை பரபரக்கும். எல்லாவற்றையும் குரல் வகுப்பின் அளவுக்கு மாற்றினால் எல்லாம் வேகமாகிவிடும் எனத் தோன்றும். ஆனால் 0 முதல் 3 வரை நான்கே எண்கள். ஐந்து சாதனங்கள் நான்கு எண்ணில் குலுக்கினால் இரண்டிற்காவது ஒரே எண் வந்தே தீரும். வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, மோதி, மீண்டும் முதலிலிருந்து. அந்த அட்டவணையைத் தொடாதீர்கள். அருகில் 'நோ அக்னாலெட்ஜ்மென்ட்' என ஒன்று இருந்தால் அதையும் ஆப் நிலையிலேயே விடவும்.

சரி, எந்தப் பாக்கெட் எந்த வகுப்பு என்று யார் முடிவு செய்கிறார்கள்? பாக்கெட்டின் தலைப்பகுதியில் டி.எஸ்.சி.பி. என்ற எண் முத்திரை இருக்கும். அதை இடுவது அப்ளிகேஷன். குரலுக்கான முத்திரை 46. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல சாதனங்கள் இந்த எண்ணின் முதல் மூன்று பிட்களை மட்டும் பார்த்து 5 என எடுத்துக்கொண்டு, குரலை வீடியோ வகுப்பில் உட்கார வைத்துவிட்டன. 2018-ல் வந்த ஆர்.எப்.சி. 8325 என்ற ஆவணம்தான் அதைக் குரல் வகுப்பிலேயே சேர்க்குமாறு பரிந்துரைத்தது. போதாக்குறைக்கு, இணையத்திலிருந்து வரும் பாக்கெட்டுகளில் முத்திரை வழியிலேயே அழிந்துபோவதும் உண்டு. எனவே டபிள்யூ.எம்.எம். ஆன் நிலையில் இருந்தும் குரல் உடைந்தால் வியப்படைய வேண்டாம்.

லைனில் நெரிசல்

என் அனுபவத்தில் வீடுகளில் பெரிய தொல்லை இங்கேதான். என் அத்தை வீடியோ அழைப்பில் பாட்டு வகுப்பு எடுக்கிறார். ஓய்வூதியம் இல்லாத அவருக்கு அந்த மாணவர்கள் தரும் கட்டணம்தான் கைச்செலவுக்கு. மாலை ஆறரை மணி வகுப்பில் மட்டும் குரல் விட்டு விட்டுக் கேட்க, இரண்டு மாணவிகள் நின்றுவிட்டார்கள். "நூறு எம்.பி. லைன்னு சொல்லித்தானேடா கொடுத்தான், நான் பாடுற பஞ்சமம் மட்டும் அந்தப் பொண்ணுக்குப் போய்ச் சேரலையாமே!" என்றார். இணைப்பு தந்த நிறுவனம் 300 எம்.பி.பி.எஸ். திட்டத்திற்கு மாறச் சொல்லியிருந்தது. நூறு என்பது டவுன்லோட் வேகம். அவர் லைனில் அப்லோட் 10 மட்டுமே. சொல்லப்பட்ட பெரிய திட்டத்திலும் அப்லோட் அதே 10தான்!

ஆறரை மணிக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தேன். கல்லூரியிலிருந்து பேரன் வருகிறான். அவன் போன் வை-பையில் இணைந்ததும், அன்று எடுத்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் தானாக அப்லோட் செய்கிறது. மோடத்தில் ஒரு மெகாபைட் அளவுக்கு வரிசை சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். 10 எம்.பி.பி.எஸ். லைனில் அது வெளியேற 0.8 விநாடி. அத்தையின் குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது ஐ.டி.யு.வின் பரிந்துரை. இத்தனைக்கும் ஒரு குரல் அழைப்புக்கு 100 கே.பி.பி.எஸ். கூட வேண்டாம். வேகம் போதவில்லை என்பதல்ல, வரிசை நீண்டுவிட்டது என்பதுதான் நோய். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் இதற்கு பஃபர்-ப்ளோட் என்று பெயர் சூட்டினார்.

இங்கு புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வரிசை மோடத்தில் சேர்ந்தால் உங்கள் ரவுட்டர் எதையும் முன்னால் தள்ள முடியாது. வரிசை ரவுட்டருக்குள் இருந்தால்தான் அது ஒழுங்குபடுத்தும். எனவே லைனின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் லேப்டாப்பைக் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்து, காலை, மாலை, இரவு என மூன்று முறை ஸ்பீட் டெஸ்ட் செய்திடவும். கிடைப்பதில் குறைந்த எண்ணை எடுத்து, அதில் 85 முதல் 90 சதவீதம் கணக்கிடவும். பின் ரவுட்டர் பக்கத்தில் க்யூ.ஓ.எஸ். பிரிவுக்குச் சென்று அதை இயக்கி, அப்லோட், டவுன்லோட் கட்டங்களில் இந்த எண்களைத் தரவும். அத்தை வீட்டில் அப்லோடுக்கு 8500 எனத் தந்தேன். கட்டத்திற்கு அருகே கே.பி.பி.எஸ். என இருக்கிறதா, எம்.பி.பி.எஸ். என இருக்கிறதா என்று இருமுறை பார்க்கவும். கே.பி.பி.எஸ். கட்டத்தில் 8.5 எனத் தந்தால் வீடு முழுவதும் இணையம் நின்றே போகும்.

அடுத்து, எந்தச் சாதனத்திற்கு முன்னுரிமை என்ற பட்டியல் கிடைக்கும். அழைப்புகள் நடக்கும் லேப்டாப்பை மட்டும் 'ஹை' எனத் தேர்ந்தெடுக்கவும். எல்லாவற்றையும் 'ஹை' ஆக்கினால் எதுவும் 'ஹை' இல்லை. டிவியை அங்கு வைக்கத் தேவையில்லை. படம் ஓடும்போது டிவி பல விநாடிகளுக்கானதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. இடையில் அரை விநாடி தாமதம் வந்தால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. போன்களைப் பட்டியலில் சேர்த்தால் ஒரு சிக்கல் வரலாம். ஆண்ட்ராய்ட் 10 (2019), ஐ.ஓ.எஸ். 14 (2020) முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. அது மாறினால் ரவுட்டர் அதைப் புதிய போன் என நினைத்துக்கொள்ளும். வீட்டு வை-பைக்கு மட்டும் போன் செட்டிங்ஸில் அந்த மறைப்பை நிறுத்திவிடலாம்.

உங்கள் ரவுட்டரில் எஸ்.க்யூ.எம்., எப்.க்யூ-கோடெல், கேக் போன்ற பெயர்கள் தென்பட்டால் பட்டியல் போடும் வேலையே வேண்டாம், அதையே தேர்ந்தெடுங்கள். கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012-ல் வெளியிட்ட கோடெல் முறையின் வழியில் வந்தவை இவை. வரிசையை நீள விடாமல், ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி வரிசை கொடுத்துவிடுகின்றன. வேக அளவை மட்டும் நீங்கள் தந்தால் போதும். அத்தையின் ரவுட்டரில் இது இல்லை, சாதாரணப் பட்டியல்தான். அதற்கே, அப்லோட் நடக்கும்போது 600-ஐத் தாண்டிய பிங் 40-க்குள் அடங்கியது. பேரனின் போட்டோக்கள் சற்று நிதானமாகப் போகின்றன. அவன் இதுவரை கவனிக்கவில்லை.

சில எச்சரிக்கைகள். க்யூ.ஓ.எஸ். இயக்கினால் பல ரவுட்டர்களில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் நின்றுவிடும். ஒவ்வொரு பாக்கெட்டையும் சிறிய பிராசஸர் தானே பார்க்க வேண்டி வரும். 300, 500 எம்.பி.பி.எஸ். லைன் வைத்திருப்பவர்களுக்கு டவுன்லோட் வேகம் பாதியாகக்கூடும். அத்தகைய லைனில் அப்லோடும் அதே அளவு இருந்தால் நெரிசல் அபூர்வம். பிங் சோதனையில் தாவல் இல்லையென்றால் இதை இயக்கவே வேண்டாம். சிக்னல் பலவீனத்திற்கும் க்யூ.ஓ.எஸ். மருந்தல்ல. ரவுட்டரை ஹாலுக்கு நடுவே மாற்றுவது, 5 கிகா ஹெர்ட்ஸில் இணைப்பது, முடிந்தால் அழைப்புக்குக் கேபிள் பயன்படுத்துவது ஆகியவைதான் அதற்கு வழி.

நிறுவனம் தந்த ரவுட்டரில் இந்தப் பிரிவே இல்லாமல் பூட்டி வைத்திருந்தால் என்ன செய்வது? அப்லோட் செய்யும் சாதனத்தையே கட்டுப்படுத்தலாம். விண்டோஸில் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பிரிவு சென்றால் அப்லோட் வேகத்திற்கு வரம்பு தரலாம். விண்டோஸ் 11-ல் விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என ஒன்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் அப்டேட் பைல்களைப் பிறருக்கு அனுப்புவதை அங்கே நிறுத்திவிடலாம். போனில் போட்டோ பேக்-அப்பை வகுப்பு நேரத்தில் மட்டும் நிறுத்தி வைத்து, இரவு மீண்டும் இயக்கிக் கொள்ளலாம்.