வலைத்தளத்தின் சரக்கு வாசல்

திண்டுக்கல் பூட்டுப் போட்டுக் கடையைச் சாத்துகிறோம். ஆனால் கடையின் வலைத்தளத்தில் ஒரு வாசல் திறந்தே கிடக்கலாம். மளிகைப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்ப வாடிக்கையாளருக்கு நாம் கொடுத்திருக்கும் வசதிதான் அது.

படத்துக்குப் பதில் எவனாவது புரோகிராம் கோப்பை அனுப்பி, சர்வரும் அதை வாங்கி இயக்கிவிட்டால் தளம் அவன் கைக்குப் போய்விடும். வாடிக்கையாளர் விவரமும் பற்றுவரவும் கூடவே போகும். 2020 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் தளங்கள் பல இப்படித் தாக்கப்பட்டன. 7 லட்சம் தளங்களில் இருந்த ‘ஃபைல் மேனேஜர்’ இணைப்பு நிரலில், கடவுச்சொல் இல்லாமலே எவரும் கோப்பு ஏற்றும்படி ஓட்டை இருந்தது. 6.9 பதிப்பில் அதை அடைத்தார்கள்.

சீட்டில் துவரை என்றிருந்தாலும் மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்த்துத்தானே இறக்குகிறோம்? தளம் அமைத்துத் தந்தவரிடம் இவற்றைக் கேட்டு வாங்குவோம்:

1. படம் தவிர வேறு கோப்பை ஏற்கக் கூடாது. பெயரை நம்பாமல் உள்ளே இருப்பதையும் சோதிக்க வேண்டும்.

2. கோப்பின் அளவுக்கு வரம்பு வேண்டும்.

3. வரும் கோப்புக்குச் சர்வரே புதுப்பெயர் இட வேண்டும்.

4. எந்தப் புரோகிராமும் இயங்காத தனி இடத்தில் அதை வைக்க வேண்டும்.

5. இணைப்பு நிரல்களை உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும்.

மீறித் தளம் தாக்கப்பட்டால், 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் நம்மை நம்பித் தந்த விவரமும் நம் கிட்டங்கிச் சரக்குதான்.